பெயர் துறந்த தீர்ப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோர் 11 நிலைகளோடு ஓங்கி நிற்கும் கோபுரத்தைக் கண்டு கைகூப்பும்போது, அதைச் சமைத்த சிற்பிகளின் பெயரை விசாரிப்பதில்லை. செய்கையின் பலனையும் புகழையும் ஒருங்கே துறப்பது உத்தம தர்மமென்பது நம் முன்னோர் கொள்கை. ஆயினும், அத்தலத்தில் அவதரித்த ஆண்டாள், திருப்பாவையின் 30ஆம் பாசுரத்திலும், நாச்சியார் திருமொழியின் பல பதிகங்களின் முடிவிலும், ஊரையும் தந்தையையும் முன்னிட்டுத் தன் பெயரைப் பதித்திருக்கிறாள். புகழை நாடியவள் தந்தையின் பெயருக்குப் பின்னே தன் பெயரை வைத்திருக்க மாட்டாள். சொன்ன சொல்லுக்குத் தானே சாட்சியாக நின்றாள்.

புகழைத் துறந்தும் பொறுப்பைத் துறவாத இந்த விவேகம் நீதிபீடத்துக்கும் உரியதன்றோ? அயோத்தி வழக்கில் 2019 நவம்பர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஏகமனதாக வழங்கிய தீர்ப்பில், அதை எழுதியவர் இன்னாரென்ற குறிப்பே இல்லை. ராம ஜன்மஸ்தானம் பற்றிய நம்பிக்கையைக் குறித்து அவர்களுள் ஒருவர் தனியே எழுதிச் சேர்த்த 116 பக்க அனுபந்தமும் அவர் பெயரைத் தாங்கவில்லை. ஐவரும் கலந்தே இவ்வாறு தீர்மானித்ததாக, அவர்களுள் ஒருவரான சந்திரசூட் பின்னாளில் தெரிவித்தார்.

தலைமுறை தலைமுறையாக மூண்டெரிந்த விவகாரத்தில் நீதிமன்றம் ஒரே குரலாகப் பேச விழைந்ததை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், ஒருமைக்காகப் பெயரை மறைத்தே தீர வேண்டுமென்பதில்லை. ராஜபாளையத்தாரான பி. எஸ். குமாரசுவாமி ராஜா சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1951 ஏப்ரல் 9ஆம் தேதி, அந்த ராஜ்யத்தில் கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாதென்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமித்துத் தீர்த்தபோது, எழுதியவர் எஸ். ஆர். தாஸ் என்பதை யாவரும் அறிந்தனர். அதனால் அவ்வொருமைக்குப் பங்கமேதும் நேரவில்லை. அயோத்தியின் அனுபந்தமோ ஒருவரது தனி அபிப்பிராயம். ஒரே குரல் என்னும் நியாயம் அதற்குப் பொருந்தாது.

உச்ச நீதிமன்றத்துக்கு மேலே முறையிட வேறு மன்றம் இல்லை. ஆகவே, தோற்றவனுக்கு நீதிபதி கொடுக்கக்கூடியது காரணம் ஒன்றுதான். அக்காரணத்தைச் சொன்னவர் வேறு வழக்குகளிலும் அதே அளவுகோலைக் கொண்டாரா என்று ஒத்துப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு. பெயர் மறைந்தால் அவ்வுரிமையும் மறைகிறது. புகழைத் துறப்பவர் தமக்குரியதைத் துறக்கிறார். பொறுப்பைத் துறப்பவரோ பிறருக்குரியதை எடுத்துக்கொள்கிறார். ஆதலால், தனித்து எழுதும் நீதிபதி தம் பெயரையும் அதன்கீழ் எழுதுவதே தர்மம்.