பேய்ப் பயமும் பாம்புப் பயமும்

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே!

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20-ல் (1833) கடலிலிருந்து எழுந்தருளிய அய்யா வைகுண்டர், நம் முன்னோர்களின் நெஞ்சிலிருந்து பேய்ப் பயத்தை எடுத்தார். அதற்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மந்திரவாதி, மாடு பால் மறந்தாலும் மந்திரவாதி. பாடுபட்ட காசு ஆடும் கோழியுமாகப் பலிக்குப் போனது. அய்யா பேய்களை எரித்ததையும், மந்திரவாதிகளின் வல்லமையை அடக்கியதையும் அகிலத்திரட்டு அம்மானை சொல்கிறது.

அப்படியானால் அய்யாவின் மக்கள் எதற்குமே பயப்பட வேண்டாமா?

பயம் இரண்டு வகை. ஒன்று, நம்மைக் கட்டிப்போட்டுக் காசைப் பிடுங்கும். மற்றது, கையில் விளக்கை எடுக்கச் சொல்லும். முதல் பயம் மாயை. இரண்டாவது அய்யா தந்த அறிவு.

ரப்பர் பால் வெட்டும் ஒருவர் விடியுமுன் விளைக்குப் போகிறார். வழியில் ஒரு புளியமரம். அதில் பேய் என்று யாரோ சொன்னதால், நல்ல பாதையை விட்டுவிட்டுப் புதர் வழியே சுற்றிப் போகிறார். கையில் விளக்கும் இல்லை. இல்லாத பேய்க்குப் பயந்து, இருக்கிற பாம்பின்மேல் கால் வைக்கிறார்!

கட்டுவிரியனை எண்ணிப் பாருங்கள். அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியும் தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், கண் இமை சொருகும், பேச்சு குழறும். "பேய் அடித்துவிட்டது" என்று மந்திரவாதியைத் தேடினால், உயிரைக் காக்கும் நேரம் போய்விடும். ஆகவே கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுக்க வேண்டுமென்றால், கொசுவலையை விரித்து ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். வீட்டை ஒட்டி விறகையும் ஓட்டையும் குவிக்காதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போக வேண்டும்.

"அய்யாவின் திருமண் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. திருமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். இட்ட கையோடு வண்டியில் ஏறுங்கள். தாங்கலுக்குத் தூக்கி வந்து காத்திருப்பது பக்தி ஆகாது. மருந்தைக் கண்டறிந்த மனிதனின் அறிவும் அய்யா கொடுத்ததுதானே? கடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். அவருக்காகப் பதியில் நாம் வேண்டுவோம். பிழைத்து வந்தபின் அவரே வந்து பணிவிடை செய்யட்டும்.

இனி ஒரு பயம் வந்தால், "இது என்னை என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். பலி கொடு, கழிப்புக் கழி என்றால் தள்ளிவிடுங்கள். விளக்கை எடு, பார்த்துப் போ என்றால் கேட்டு நடங்கள். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்ன அய்யா, கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லவில்லை.

அய்யா உண்டு.