மௌனம் சம்மதமாகுமா?

 

கணக்கு எழுதும் செயலியை ஏழு நாள் இலவசமென்று வாங்குகிறோம், கார்டு எண்ணைக் கொடுக்கிறோம், மறந்து விடுகிறோம். எட்டாம் நாள் முதல் மாதந்தோறும் வெள்ளி கழிகிறது. கைப்பேசியிலிருந்து செயலியை அழித்தாலும் சந்தா நிற்பதில்லை. சந்தாவையே ரத்துச் செய்ய வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில், வாங்கியவர் யோசித்துத் திருப்புவதற்கான ‘கியார்’ அவகாசம் மிஞ்சினால் மூன்று நாள். அது கழிந்தால் வியாபாரம் உறுதி. ஆகவே முடிவு நாளைக் குறித்து வைப்பது நம் கடமை. ஆனால் திருக்குர்ஆன் 4:29, வியாபாரத்துக்கு இரு தரப்பின் மனப்பொருத்தத்தை நிபந்தனையாக்குகிறது. ரத்துச் செய்யும் வழியை ஒளிப்பவர் அந்தப் பொருத்தத்தையே ஒளிக்கிறார்.

நம் கடையிலும், வாடிக்கையாளரின் மறதியால் வரும் காசு உண்டா? இன்றே ஏட்டைப் புரட்டுவோம். இருந்தால் திருப்பிக் கொடுப்போம். நமது ஹலாலான ரிஸ்கில் வல்ல அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.