நூலைப் போற்றுதலும் நூலைப் பேணுதலும்



நூலை வணங்குவோர் நம்முள் மிகப் பலர். நூலைப் பேணுவோர் எத்துணையர்? பேணாது வணங்குதலும் வணக்கமாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். இவ்வினா ஏட்டறிவினால் எமக்குத் தோன்றியதன்று. ஊசியும் நூலும் கைக்கொண்டு ஒரு தொழிலின் அரிச்சுவடியைக் கற்கப் புகுந்தவிடத்துத் தோன்றியது.

எம் இல்லத்தில் முன்னோர் ஓதிய தேவாரத் திரட்டு ஒன்று உளது. ஆண்டுதோறும் கலைமகள் விழாவில் பட்டு விரித்து அதனை ஏற்றி, சந்தனமும் குங்குமமும் சாத்தி மலரிட்டு வணங்குதல் எம் வழக்கம். ஓராண்டு அதனை எடுத்தபோது அட்டை ஒருபாலும் தாள்கள் ஒருபாலுமாகப் பிரிந்து வீழ்ந்தன. சந்தனம் பட்ட இடமெல்லாம் கறை. முதுகெல்லாம் பூச்சித் துளை. எம் வணக்கமே அதனை அந்நிலைக்கு உள்ளாக்கிற்று.

அதனைச் செப்பஞ் செய்விக்கும்பொருட்டு ஒலுவிலுக்குச் சென்றோம். கல்முனைக்குத் தெற்கே, காரைதீவும் நிந்தவூரும் கடந்து கடலோரமாக அமைந்த முஸ்லிம் ஊர் அது. 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்குளது. அவ்வூரில் நூல் கட்டுந் தொழிலறிந்த முதியவர் ஒருவர், புதியோர் சிலர்க்கு அதனைக் கையாற் செய்யப் பயிற்றி வந்தார். எம் நூலைப் புரட்டிப் பார்த்தவர், "கட்டித் தருவது எளிது, தம்பி. நீரே கட்டப் பழகினால் மறுபடியும் இதைக் கெடவிட மாட்டீர்" என்றார். யாமும் மாணாக்கரானோம்.

பழைய தையலை அறுத்து நூலைப் பாரம் பாரமாகப் பிரித்தோம். பெரிய தாளொன்றை மடித்துப் பதினாறு பக்கமாக்கியதே அந்நூலில் ஒரு பாரம். மடிப்புக் கிழிந்தவிடத்து மெல்லிய தாளொட்டி வலுவாக்கினோம். பின்னர்த் தேன்மெழுகு தேய்த்த நூலைக் கோத்து, ஒவ்வொரு பாரத்தையும் அடுத்ததனோடு பிணைக்கத் தொடங்கினோம். ஆர்வ மிகுதியால் நூலை மேனோக்கி இறுக்கினோம், தாள் கிழிந்தது. அஞ்சித் தளர்த்தினோம், பாரங்கள் ஆடின. "நூலை மேலே இழுக்க வேண்டாம், அது போகும் வழியே இழும்" என்றார் முதியவர். மும்முறை அவிழ்த்துத் தைத்த பின்னரே கை அடங்கிற்று. பல நூல் கற்றேமென்னும் செருக்கும் அப்போதே சிறிது அடங்கிற்று.

நூல் என்னுஞ் சொல் இழையையும் குறிக்கும், அறிவுநூலையும் குறிக்கும். நன்னூலார், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்பவளாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்து அவ்வொற்றுமையை விளக்கினர். ஆயின் நூற்ற இழை அறுந்துழி அதனை முடிபவன் யாவன் என்பது அவ்வுவமையுள் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்புதல் படிப்பவராகிய நம் கடன்.

முன்னோர் இக்கடனை அறிந்திருந்தனர். ஓலைச்சுவடிக்கு மஞ்சள் பூசினர், எழுத்து விளங்க மை தடவினர், எண்ணெயிட்டுத் துடைத்தனர், சட்டம் வைத்துக் கயிறு சுற்றினர், கயிற்றின் தலைப்பிற் கிளிமூக்கு முடிந்தனர். ஓலைக்கு அவை மருந்து. கலைமகள் விழாவிற் சுவடியை எடுத்துப் பூசித்தலோடு, ஏடுதோறும் நோக்கிப் பழுது பார்த்தலும் அமைந்தன. அக்காலத்து வழிபாடும் பேணுதலும் ஒரு செயலாயிருந்தன. இன்று ஓலை போய்த் தாள் வந்தது. ஓலைக்கு மருந்தாயிருந்த எண்ணெய் தாளுக்கு நஞ்சாயிற்று. சடங்கு நின்றது, காரணம் மறைந்தது.

காரணம் மறைந்த வணக்கம் எத்துணைக் கேடு செய்யும் என்பதற்குச் சான்று தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தில்லையில் திருக்காப்பிட்டு வைத்த தேவார ஏடுகளுட் பெரும்பகுதி செல்லரித்துப்போயின எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். கரிவலம்வந்தநல்லூரிற் பழஞ்சுவடி தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டன என்று கேட்டு நொந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீ உண்டது பகைமையால். 2004 திசம்பர் 26இல் இக்கீழ்க்கரை வீடுகளையும் அவற்றிலிருந்த நூல்களையும் கடல் கொண்டது இயற்கையால். அவற்றைத் தடுக்க நம் கை போதாது. பக்தியின் பெயரால் நாமே அழிப்பதைத் தடுக்கவும் போதாதோ?

அற்றேல், பொருளறிதலன்றோ ஞானம். தைத்தலும் ஒட்டலும் கூலித் தொழிலன்றோ எனின், அற்றன்று. திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்க உழவாரப்படை தாங்கிய நாவரசரே பதிகமும் பாடியருளினர். அவர் நாத்தொண்டினும் கைத்தொண்டு இழிந்ததென்று சைவர் எவரும் கூறார். தாயுமானவர் சரியை முதலிய நான்கனையும் அரும்பு மலர் காய் கனி என உவமித்தனர்; அரும்பை இகழ்ந்தவன் கனியை எங்ஙனம் பெறுவன்? நூல்நிலையத்து ஊசியும் ஓர் உழவாரமே.

நூலின் தாளும் அட்டையும் உடம்பு போல்வன, அழிவன. அவற்றைப் பேணுதல் வீண் எனின், அதுவும் பொருந்தாது. தனு கரணங்கள் உயிரின் பொருட்டு இறைவன் தந்தவை என்பது நம் சித்தாந்தம். அழியும் உடம்பைப் பேணுதற்குத் திருமூல நாயனார் காட்டிய நியாயமே அழியும் தாளைப் பேணுதற்கும் நியாயமாம். அட்டையைப் பொன்னெழுத்தால் அழகுசெய்து உள்ளே ஓதாது விடுதல் மட்டும் பழியாம்; அது நீறு பூசி நெறி பிழைத்தலை ஒக்கும்.

வேற்றுச் சமயத்தார் கையில் திருமுறையைக் கொடுத்தல் தகுமோ எனச் சிலர் எம்மை வினவினர். அவர்க்கு யாம் கண்டதொன்றைக் கூறுவம். அம்முதியவரின் பலகையில் அன்று குர்ஆன் பிரதியொன்றும் செப்பத்திற்கு வந்திருந்தது. அது வலப்பக்கம் முதுகுடையது. நம் நூலுக்கு எதிர்ப்புறமாகத் திறப்பது. அதனைத் தொடுமுன் அவர் ஒளுச் செய்தார். அதனை வைத்துவிட்டு எம் தேவாரத்தை எடுக்குமுன்னும் மீண்டும் கை கழுவினார். இரண்டற்கும் ஒரே நூல், ஒரே பசை. பிறர் வேதத்தை இவ்வாறு தொடுபவரிடத்து ஆசாரக் குறை காண எமக்கு நா எழவில்லை. கறைபட்ட எம் கைகளையே நோக்கினோம்.

இறுதியாக யாம் கற்றதொன்று உளது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அணுகாமைக்குச் சிறிது துருசு சேர்த்த பசையையே அவர் முதுகுக்கு இட்டார். "கடைப்பசை விரைவிற் பிடிக்குமே, காக்கா" என்றோம். "பிடிக்கும், பிறகு விடாது. நாளைக்கு இதைச் செப்பம் செய்பவன் எப்படிப் பிரிப்பான்? மாப்பசை ஈரம் பட்டால் நெகிழும்" என்றார். தமக்குப் பின் வருபவன் தம் வேலையை அவிழ்த்தற்கும் இடம் வைத்துச் செய்தல்! தொண்டு என்பது இதுவேயன்றோ? தன் செயலே முடிந்த செயல் என்னும் எண்ணம் ஆணவத்தின்பாற்படும். பெற்றதைச் செப்பஞ்செய்து அடுத்த கையில் ஒப்புவிப்பதே அடியார் இயல்பு.

ஆதலின், அன்பர்காள், வரும் கலைமகள் விழாவிற் சந்தனத்தைப் பலகைக்குச் சாத்துமின்; நூலுக்கு வேண்டா. நூல்களை நிழலிற் காற்றாட வைத்துத் தூசு துடைமின். இழையறுந்ததைத் தைம்மின், அறியாதார் அறிந்தார்பாற் சென்று கற்மின். நம் சங்கங்கள் சிறார்க்குப் பதிகம் பயிற்றும்போதே ஒரு பாரத்தைத் தைக்கவும் பயிற்றுக. எம் தேவாரத்தின் தையல் இன்னும் சிறிது கோணலே. ஆயினும் இப்போது அது விரித்தால் விரிகின்றது, ஓத முடிகின்றது.

சிவம்.