கறிவேப்பிலைச் சாடியும் கொல்லாமையும்

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை கொல்லாமை எனக்குப் பெரிய தலையிடியாக இருந்ததில்லை. வீட்டுக்குள் ஒரு தும்பி வழிதவறி வந்தால் யன்னலைத் திறந்துவிடுவோம், அது தன்பாட்டில் போய்விடும். கொல்லுவதற்கும் பொறுத்துக்கொள்ளுவதற்கும் நடுவில் விரட்டிவிடுவது என்று ஒன்று அங்கே இருந்தது. கனடாவில், ஸ்காபரோவில், ஜனவரி மாதம் அது இல்லை. வெளியே மைனஸ் 15. யன்னலைத் திறந்து ஒரு பூச்சியை விட்டால் அது வேலியைத் தாண்டமுன்னமே விறைத்துவிடும்.

என்னை இப்படி யோசிக்க வைத்தது கறிவேப்பிலை. இங்கே தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் சாடி நிற்கும். செப்டெம்பர் கடைசியில் உள்ளே வந்தால், மே மாதம் உறைபனி ஓய்ந்த பிறகுதான் வெளியே போகும். இடையில் வெயில் போதாமல் மரம் அரை உறக்கத்தில் இருக்கும், இலை மஞ்சளாகிக் கொட்டும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி தண்ணீர் ஊற்றுவார். வேர் குடிக்காத தண்ணீர் மண்ணில் தங்க, பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தை நம்பிக் கொசு வரும். கடிக்கிற நுளம்பு இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டரில், கறுப்பாக, மண்ணுக்கு மேல் ஓடித் திரிகிற சின்னஞ்சிறுசு. வீடு சூடாக இருந்தால் மூன்று நாலு கிழமையில் அடுத்த தலைமுறை தயார்.

உருளைக்கிழங்குத் துண்டொன்றை வெட்டுப்பக்கம் கீழே இருக்க மண்ணில் அழுத்தி வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டினால் கொசுவின் புழுக்களைப் பார்க்கலாம். உள்ளே குடல் தெரியும் அளவுக்கு வெளிறிய உடம்பு, முன்னால் மினுங்குகிற கறுத்த தலை. கிழங்கைத் தின்னுவதிலேயே கண்ணாக இருக்கும்.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவால் தரம் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூன்று, தும்பி நான்கு. சமணரும் புலன்களை எண்ணி இப்படி ஓர் ஏணி போடுகிறார்கள். ஈயும் நுளம்பும் அதில் நாலாம் படி. அப்படிப் பார்த்தால் ஓரறிவுக் கறிவேப்பிலைக்காக நாலறிவுக் கொசுவைக் கொல்ல நிற்கிறேன். வளர்ந்த மரத்துக்குக் கொசுவால் பெரிய சேதமும் இல்லை. நாற்றைத்தான் அதன் புழு வேரைக் கடித்துக் கெடுக்கும். உள்ளதைச் சொன்னால், தேத்தண்ணிக்குள் விழுகிறது என்பதுதான் எங்கள் கோபம்.

வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில், 33ஆம் அதிகாரமாக வைத்தார். ஆகவே இல்லறத்தானுக்கு விலக்கு உண்டு என்று வாதாடலாம். எனக்கு அது நீதிமன்றப் பேச்சாகப் படுகிறது. சமணம் இதில் வெளிப்படை: துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். சமைக்கவும் கூட்டவும் உழவும் நேர்கிற உயிர்ச்சேதத்தை இல்லறத்தாருக்குப் பொறுக்கிறது. வேண்டுமென்று கொல்லுவதைப் பொறுப்பதில்லை. செய்தாலும், செய்வித்தாலும், உடன்பட்டாலும் வினை ஒட்டும்.

இந்த அளவுகோலோடு தோட்டக்கடைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். மகன் மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கிவந்து சாடியில் குத்தினான். காலையில் கால் ஒட்டிப்போன கொசு ஒன்று செட்டையை அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானமும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நெமடோட் என்ற நுண்புழுவைப் பற்றிச் சொன்னான். ஒரு சிறு பொதியில் லட்சக்கணக்கில் உயிரோடு விற்கிறார்கள். தண்ணீரில் கலந்து ஊற்றினால் கொசுப்புழுவின் உடம்புக்குள் புகுந்து பாக்டீரியாவை விடும், புழு சில நாளில் சாகும்.

"அப்பா, நீங்கள் கொல்லேல்லையே, அதுகள்தானே கொல்லுதுகள்" என்றான். செய்வித்தல் என்ற பிரிவை இவனை நினைத்துத்தான் வகுத்திருக்கவேண்டும்.

சாமி விளக்கிலும் கொசு விழுந்து கருகுகிறது. மனைவியிடம் சொன்னேன். "அதுக்காக விளக்குக் கொளுத்தாமல் விடுறதோ?" விளக்கு கொசுவுக்காக ஏற்றப்படவில்லை, ஒட்டுத்தாள் கொசுவுக்காகவே குத்தப்பட்டது. எனக்கு இந்த வேறுபாடு பெரிது. கொசுவுக்கு என்ன பெரிது?

ஆகவே நான் தண்ணீரில் கைவைத்தேன். ஈரத்தையும் எச்சிலையும் தேங்கவிடாதே, அங்கே உயிர்கள் உண்டாகிப் பிறகு சாகவேண்டி வரும் என்பது சமண வீடுகளின் பழைய ஒழுங்கு. மேல் இரண்டு அங்குல மண் காயும்வரை தண்ணீர் கிடையாது. காய்ந்த பிறகும் மேலால் ஊற்றாமல், தட்டில் தண்ணீர் விட்டு அடியால் குடிக்கவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவது. மேலே ஒரு படை மணல்.

ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழு இதில் காய்ந்து சாகும், அதை மறைக்கவில்லை. அடுத்த தலைமுறையோ பிறக்காமலே போகும். காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்டது பிறவாமை. அதையே நான் கொசுவுக்குக் கொடுக்கிறேன் என்று சைவனாக ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தேன். கேட்காதவருக்கு வரம் கொடுக்க நான் யார்? வேறு நியாயம் ஒன்றுதான் மிஞ்சியது. இந்த உறைபனி நாட்டில் சூட்டையும் ஈரத்தையும் ஓர் அறைக்குள் சேர்த்து வைத்தது நாங்கள். கொசு அழைத்துத்தான் வந்தது. அழைத்துவிட்டு அடிப்பதைவிட அழைக்காமல் விடுவதில் பாவம் குறைவு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

பெப்ரவரியில் மகன் கோடைத் தோட்டத்துக்கு மிளகாய் விதை போட்டான். நாற்றைக் காயவிட முடியாது, புழு வேரையும் விட்டுவைக்காது. அவன் அறையில் மஞ்சள் தாள் இன்னும் நிற்கிறது. கழற்று என்று நான் சொல்லவில்லை. மிளகாய் எனக்கும் வேண்டும். மூன்றாவது பிரிவில் என் பெயர் இருக்கும்.