பூனைக்குட்டிகளைச் சாக்கில் கொண்டுபோய் விடுவது சரியா?

 

நமது காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணிலும் மாடிப்படிக்கு அடியிலும் பூனை குட்டி போடுவது புதிதல்ல. சிலர் சோறு வைக்கிறார்கள். சிலர் குட்டிகளைச் சாக்கில் போட்டு, மீன் விற்கும் இடத்தில் விட்டுவிடலாம் என்கிறார்கள். "கொல்லவில்லையே, விட்டுத்தானே வருகிறோம்" என்பது அவர்கள் வாதம். இது மார்க்கத்தில் சரியா?

ஒரு பூனையின் காரணமாக நரகத்திற்குரியவளான பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவள் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் தரவில்லை, தானாக இரை தேடவும் விடவில்லை. நம் பொறுப்பில் உள்ள உயிருக்கு இரண்டில் ஒன்று கட்டாயம் என்பது இதிலிருந்து விளங்குகிறது: உணவு கொடுக்க வேண்டும், அல்லது பிழைத்துக்கொள்ளும்படி விட வேண்டும்.

தெருப்பூனையை நாம் அடைத்து வைக்கவில்லை. அதற்கு உணவிடுவது ஸதகா. செய்யாதவர் அந்தப் பெண்ணைப் போன்றவர் அல்லர். ஆனால் குட்டியைச் சாக்கில் போட்ட கணமே அது நம் பொறுப்பில் வந்துவிடுகிறது. பூனைக்குட்டி கண் திறக்கவே 7 முதல் 14 நாட்கள் ஆகும். ஏறக்குறைய 4 வாரம் வரை தாய்ப்பால்தான் அதன் உணவு. அதை மீன் குவியலுக்கு நடுவே விட்டாலும் பட்டினிதான். கயிறு இல்லை என்பதற்காக அது விடுதலை ஆகிவிடாது.

தாயின் தவிப்பும் உண்டு. ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் (அபூதாவூத்). பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

சகோதரர்களே! குட்டிகள் தாமாக உண்ணும் வரை பொறுத்திருங்கள். தாய்க்குத் தண்ணீரும் மிஞ்சிய மீன் சோறும் வையுங்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் தமது உளூ பாத்திரத்தையே பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். பசும்பால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும், கொடுக்காதீர்கள்.

உணவிடுவோருக்கும் ஒரு வார்த்தை: அண்டை வீட்டாருக்கும் ஹக் உண்டு. அவர் வாசலில் மீன் முள்ளைப் போட்டு நாம் நன்மை தேட முடியாது. உங்கள் வாசலில் வையுங்கள், பிறகு கழுவி விடுங்கள். எண்ணிக்கை பெருகினால் கருத்தடை செய்யலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் மஸ்அலாவையும், கால்நடை மருத்துவரிடம் முறையையும் கேட்டுச் செயல்படுங்கள்.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் பூனைகளுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃப் செய்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறிய பிறகும், பல நூற்றாண்டுகள் கழித்து, காஜியின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டு வந்தது. நம்மிடம் தோட்டம் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை இருக்கிறது. எட்டு வாரத்திற்கு அதை விட்டுக்கொடுக்க முடியாதா?

வாயில்லா ஜீவன்கள் மீது இரக்கம் காட்டி, அவனது ரஹ்மத்தைப் பெறும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.