தாத்தாவுக்கு என்ன வேலை?

குழந்தை உயிர் பிழைக்கத் தாத்தா தேவையில்லை. கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், ஓர் ஆய்வு ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. பின்லாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளை அலசிய மிர்க்கா லாடென்பெராவின் குழு, ஐம்பதைக் கடந்து வாழ்ந்த பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்ததை 2004-இல் காட்டியது. 2007-இல் தாத்தாக்களைக் கணக்கிட்டபோது அப்படி எந்தப் பலனும் தென்படவில்லை. ஆக, தாத்தாவின் இடம் இயற்கை கொடுத்தது என்பதைவிட, சமூகம் வகுத்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

எதற்காக வகுத்தது? கண்டிப்பு பெற்றோரின் பொறுப்பாக இருப்பதால்தான் பாட்டன் பேரன் உறவில் கேலியும் உரிமையும் சாத்தியமாகின்றன என்பது மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌனின் விளக்கம். நம் வீடுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று மருமகள் அந்தப் பிள்ளையை வேறொரு செல்லப்பெயரால் கூப்பிடுவாள். அவள் வாயெடுத்துச் சொல்ல அஞ்சும் அதே மனிதரின் தோளில் பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கும். வயதானதால் அவர் கனிந்துவிட்டார் என்றால் மருமகளிடமும் கனிந்திருக்க வேண்டுமே! அதிகாரம் செலுத்தத் தேவையில்லாத இடத்தில் மட்டும்தான் அவர் தாத்தா. மற்ற இடங்களில் குடும்பத் தலைவர்.

அந்தக் காலத் தாத்தாக்கள் நிலபுலனையும் பெட்டிச் சாவியையும் கையில் வைத்திருந்தவர்கள்தானே, மரியாதை அதற்காகத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சொத்துக்காகக் கிடைத்தது பயம்; பேரப்பிள்ளை கொடுத்தது வேறு. தாத்தா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பிள்ளையின் முன்னால் பெற்றோரின் சொல்லை வெட்டிப் பேசுகிறவர்மீது அது நியாயமானது. அவர் செய்வது செல்லம் அல்ல, விட்டுக்கொடுத்த அதிகாரத்தைப் பேரன் வழியாகத் திரும்பப் பிடிப்பது. கூட்டுக் குடும்பமே போய்விட்டது, இனித் தாத்தாவுக்கு என்ன இடம் என்பாரும் உண்டு. சட்டத்தில் இடம் உண்டு: வயது வந்த பேரப்பிள்ளைகளிடமும் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை அவருக்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் தந்திருக்கிறது. சோற்றுக்கு அது வழி செய்யலாம், உறவை உண்டாக்காது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேரனோடு பேசாத தாத்தாக்கள் உண்டு. கடல் கடந்து செல்பேசியில் தினமும் வம்பளக்கிறவர்களும் உண்டு.

ஆகவே பெரியவர்களே, எந்தப் பள்ளி, என்ன படிப்பு என்ற முடிவுகளைப் பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். பிள்ளை கேட்கும் நூறு கேள்விகளுக்கு அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். வேலைக்கு ஓடும் பெற்றோரால் முடியாதது அதுதான்.