ஏழாவது தோட்டா

சினிமா பார்க்கிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. கதாநாயகன் பகைவனை நோக்கிக் கைத்துப்பாக்கியை நீட்டும்போது நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கிறோம். அவர்கள் பார்ப்பது அவன் கையை. அது எந்த நாட்டில் செய்தது, எத்தனை தோட்டா கொள்ளும் என்று சொல்லிவிடுவார்கள். வசனம் ஒரு துப்பாக்கியைச் சொல்ல, கையில் வேறொன்று இருந்துவிட்டால் அவர்களுக்குப் பொறுக்காது. இதை வேலையற்ற வேலை என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதன் சாகிற இடத்தில் இரும்பைப் பார்த்துக்கொண்டிருப்பது ஈரமில்லாத செயல் என்று கோபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிரிப்பவர்களை விட்டுவிடலாம். கோபிப்பவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் பாண்டையே எடுத்துக்கொள்வோம். ஐயன் பிளெமிங் தம் ஆரம்ப நாவல்களில் அவனுக்குக் கொடுத்திருந்தது .25 பெரெட்டா. 1956-இல் கிளாஸ்கோ நகரிலிருந்து ஜெப்ரி பூத்ராய்டு என்ற வாசகர் அவருக்குக் கடிதம் எழுதினார். துப்பாக்கி விஷயத்தில் கரை கண்ட மனிதர். பெரெட்டா சீமாட்டிகளுக்குத்தான் ஏற்றது, உயிரைப் பணயம் வைக்கும் ஒற்றனுக்கு உதவாது என்பது அவர் கட்சி. பிளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. 1958-இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்டுக்கு வால்தர் பி.பி.கே. வந்து சேர்ந்தது, நாவலில் வரும் ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்டு என்று பெயரும் வைத்துவிட்டார். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாசகர் வாய்ப்பது பெரும் பாக்கியம். ரயில் நிற்காத ஸ்டேஷனில் கதாநாயகியை இறக்கிவிட்டால், ‘ஐயா, அங்கே அந்த வண்டி நிற்காதே!’ என்று கார்டு போடுகிறவர்தான் கதையை நம்பிப் படித்தவர். நம்பாதவருக்கு அவள் எங்கே இறங்கினால் என்ன?

சினிமாக்காரர்கள் இவ்வளவு கவலைப்படவில்லை. 1962-இல் வந்த படத்தில் பி.பி.கே. என்று சொல்லிப் பாண்டிடம் கொடுப்பது, அதைவிடச் சற்றுப் பெரிதான வால்தர் பி.பி. அடுத்த படத்தின் விளம்பரத்துக்காகப் புகைப்படம் எடுக்கும்போது துப்பாக்கியை யாரும் கொண்டுவரவில்லை. புகைப்படக்காரர் தம்மிடமிருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். உலகமெல்லாம் சுவரொட்டிகளில் ஷான் கானரி மிடுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது, குறி பார்த்துச் சுட்டுப் பழகுவதற்கான அந்தச் சாதனத்தைத்தான்! 2010-இல் லண்டனில் நடந்த ஏலத்தில் அது இரண்டே முக்கால் லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று.

இதுவரை வேடிக்கை. பூத்ராய்டின் வாழ்க்கையில் வேடிக்கையல்லாத ஒரு சம்பவமும் உண்டு. பிளெமிங்கின் இன்னொரு நாவலுக்கு அட்டைப்படம் வரைவதற்காகத் தம் சொந்த .38 ரிவால்வரை அவர் ஓவியருக்கு இரவல் கொடுத்திருந்தார். அதே 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிளாஸ்கோ அருகே ஒரு வீட்டில் மூன்று பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது ஒரு .38. போலீசார் பூத்ராய்டிடமும் விசாரித்தார்கள். தம்முடையது ஓவியரிடம் போயிருக்கிற விவரத்தை அவர் சொல்ல வேண்டியதாயிற்று. கொலைகாரன் பீட்டர் மானுவல் பின்னால் பிடிபட்டு, 1958-இல் தூக்கிலிடப்பட்டான். அந்த விசாரணையில் துப்பாக்கி இன்னதென்று கண்டுபிடிப்பதை ஈரமில்லாத செயல் என்று யாராவது சொல்லுவார்களா? செத்துப்போனவர்களுக்கு இனிமேல் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். இரும்பைக் கவனித்துப் பார்ப்பதில் குற்றமில்லை; எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

‘டாக்டர் நோ’ படத்தில் ஒரு காட்சி. இருட்டில் அறைக்குள் வரும் பேராசிரியர் டெண்ட், பாண்டு படுத்திருக்கிறான் என்று நினைத்துக் கட்டிலை நோக்கிச் சுட்டுத் தள்ளுகிறார். கட்டிலில் இருப்பது வெறும் தலையணை. கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் பாண்டு, கையில் சத்தமில்லாத துப்பாக்கியுடன். டெண்ட் தம் துப்பாக்கியைக் கீழே போடுகிறார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலால் கம்பளத்தை மெள்ள இழுத்து, அதைக் கைக்கு எட்டச் செய்து, பாய்ந்து எடுத்து விசையை அழுத்துகிறார். ஒன்றும் இல்லை. அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், உம்முடைய ஆறும் தீர்ந்துவிட்டன என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாண்டு அவரைச் சுடுகிறான்.

இனம் காண்பவர்கள் இங்கே துள்ளிக் குதிக்கிறார்கள். டெண்ட் கையில் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அல்ல, கோல்ட் 1911. அதன் தோட்டா அறை ஏழு கொள்ளும். நியாயப்படி இன்னொரு தோட்டா மிச்சம் இருந்திருக்க வேண்டும். படம் எடுத்தவர்கள் கணக்குத் தவறிவிட்டார்கள் என்று சொல்லி, அத்தோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். எனக்குக் குறை தோன்றுவது இந்தத் திருப்தியில்தான். கணக்கை இன்னும் ஓர் அடி நடத்திப் பார்த்தால் என்ன?

ஏழாவது தோட்டா இருந்திருந்தால், எதிரில் நிற்பவன் ஆயுதபாணி. அவனைச் சுடுவது தற்காப்பு. இல்லையென்றால் அவன் வெறுங்கையன். பாண்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணியதால், எதிராளியால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்த பிறகுதான் சுடுகிறான். துப்பாக்கி ஞானமே இல்லாமல், ‘வில்லன் செத்தான்’ என்று கைதட்டுகிற என்னைப் போன்ற ரசிகனுக்கு இந்த விஷயம் பிடிபடவே பிடிபடாது. ஆயுதமிழந்து நின்ற இராவணனை இராமன் உயிரோடு அனுப்பிவைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். இருந்தும் கொட்டகை இருட்டில் கைதட்டிவிடுகிறோம். தோட்டாவை எண்ணுகிற அந்த மனிதரோ, கேள்வியின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஈரமில்லாதவர் என்று அவரைக் கோபிப்பவர்கள் வாசல்வரைகூட வருவதில்லை.

தற்காப்பு என்று வாதிக்க விரும்புகிறவர்கள் படத்தை இன்னும் சில வினாடிகள் பார்க்க வேண்டும். பாண்டு நீட்டிப் பிடித்திருப்பதும் அவனுக்கு அளித்த வால்தர் அல்ல, பிரௌனிங் 1910. முதல் குண்டில் டெண்ட் விழுந்துவிடுகிறார். அவர் குப்புறக் கிடக்கும்போது அதே பிரௌனிங்கால் பாண்டு இன்னொரு முறை சுடுகிறான், முதுகில்.